மூன்று குடத்துத் தண்ணி

எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று தண்ணி இருக்கும். ஸ்டீல் குடத்தில் இருப்பது குடிக்க. அது அஞ்சு ரூபாய் காயின் போட்டுப் பிடித்து வந்த கேன் தண்ணி. நீல டிரம்மில் இருப்பது நகரசபைக் குழாய் வரும் நாளில் பிடித்து வைத்தது, சோறு பருப்புக்கு. சிங்க் குழாயைத் திறந்தால் வருவது போர் தண்ணி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதுதான். பெங்களூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், "வாங்க, உக்காருங்க"வுக்கு அடுத்து அம்மா சொல்வது, "அந்தக் கொளாய்ல வாய் கொப்புளிக்காதீங்க."

யாராவது ஒருத்தர் கொப்புளித்துவிடுவார். போன தீபாவளிக்கு வந்த சித்தப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்னண்ணி இது, மெரினாவுல மொண்ட மாதிரி இருக்கு. கடலா பக்கத்துல இருக்கு உங்களுக்கு?" என்றார்.

கடல் எங்கே, கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டை எங்கே. எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு மேலே 800 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. அதே ஊரில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. ஆக, எங்கள் தாத்தாக்கள் கடல் மட்டத்துக்கு 2 கிலோமீட்டர் கீழே போய் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர்கள். ஆனால் கடல்தண்ணியை அவர்களும் பார்த்ததில்லை.

சித்தப்பா சொன்ன உப்பும் எங்கள் குழாயில் வரும் உப்பும் வேறு வேறு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகளைக் கெடுத்தது. அங்கே கலந்தது சாப்பாட்டு உப்பு, சோடியம் குளோரைடு. எங்களுக்கு வருவது பெரும்பாலும் கல் கரைந்த உப்பு. கால்சியமும் மக்னீசியமும். நாக்குக்கு இரண்டும் 'உப்புத் தண்ணி'தான். சோப்புக்குத்தான் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கோலார் தங்கவயல் உட்கார்ந்திருப்பது வடக்கு தெற்காக ஓடும் ஒரு கறுப்புக் கல் பட்டை மேலே. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், அகலம் சில கிலோமீட்டர்தான். வயது 270 கோடி ஆண்டு. தங்கம் இருந்தது இந்தப் பட்டைக்குள் ஓடிய வெள்ளைப் படிகக் கல்லில். சுற்றிலும் இருப்பதெல்லாம் கிரானைட் குடும்பத்துக் கல். கறுப்புக் கல்லில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய. மழைத் தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லிடுக்கில் வருஷக்கணக்கில் தங்கிக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. தங்கம் கொடுத்த அதே பட்டை எங்களுக்குக் கடினத் தண்ணியையும் கொடுத்திருக்கிறது.

கடினத்தன்மை என்றால் என்ன என்று பள்ளியில் படித்ததைவிட எங்கள் தெருப் பெண்களிடம் கேட்டால் தெளிவாகத் தெரியும். சோப்பு நுரைக்காது, வாளியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக மிதக்கும். சோப்பில் இருக்கும் கொழுப்பு அமிலத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்வதால் வரும் அழுக்கு அது. டீ போட்டால் மேலே மெல்லிய ஆடை படியும். துவரம் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் விறைத்து நிற்கும். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. எதிர்வீட்டு அக்கா பருப்புக்கு மட்டும் கேன் தண்ணி ஊற்றுவார். "கேஸ் வெலைக்கு அஞ்சு ரூவா தண்ணி சீப்பு தம்பி" என்பது அவர் கணக்கு. சரியான கணக்கு.

இட்லிப் பானை அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது ஒரு விதத்தில் நல்ல செய்தி. தண்ணியில் பைகார்பனேட்டாகக் கரைந்திருந்த சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து அடியில் ஒட்டுகிறது. இதுதான் தற்காலிகக் கடினத்தன்மை. கொதித்தால் போய்விடும். சல்ஃபேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது கொதித்தாலும் போகாது. ஒரு துண்டு எலுமிச்சைத் தோலையோ பழைய புளியையோ இட்லிப் பானைத் தண்ணியில் போடும் பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. புளிப்பு அந்தச் சுண்ணாம்பைக் கரைத்து வைத்துக்கொள்ளும், பானை பளிச்சென்று இருக்கும். கீசர் காயிலுக்கு இந்த வைத்தியம் கிடையாது. காயில் போச்சு என்று எலக்ட்ரீஷியன் வரும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஓடு ஓடாக எடுத்துக் காட்டுவார்.

சோப்பை வைத்தே தண்ணியை அளக்கலாம் என்று கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்துக்காரர், அபர்டீனில் கெமிஸ்ட்ரி பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க். 1841இல் சுண்ணாம்பு போட்டே தண்ணியின் சுண்ணாம்பை இறக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியவரும் அவர்தான். குறிப்பிட்ட அளவு தண்ணியில் நுரை நிற்கும்வரை எவ்வளவு சோப்புக் கரைசல் போகிறது என்று பார்ப்பது அவர் முறை. எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இதை ஒரு துண்டு சோப்பைக் கரைத்துச் செய்துவிடும்.

இப்போது பழைய கதைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

தாத்தா காலத்தில் ஊருக்கே பேத்தமங்கலம் தண்ணி. பாலாற்றின் குறுக்கே இருக்கும் மிகப் பழைய ஏரி அது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கம் தோண்ட ஆரம்பித்தது. 1900களின் தொடக்கத்தில் பேத்தமங்கலத்தில் வாட்டர் வொர்க்ஸ் வந்தது. ஏரித் தண்ணியை வடிகட்டி, பம்ப் செய்து, குழாயில் மைன்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். தாதுக் கல்லை இடிக்கும் மில்லுக்குத் தண்ணி வேண்டும், ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை ஒரே இடத்தில் நெருக்கி வைத்த லைன் வீடுகளில் காலரா வராமலிருக்கவும் தண்ணி வேண்டும். தொழிலாளி மேல் பாசத்தால் செய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சீக்கு வந்தால் ஷிஃப்ட் நின்றுவிடும். ஆனால் வந்தது நல்ல தண்ணி. ஏரித் தண்ணி என்பது அண்மையில் பெய்த மழை. கல்லோடு நெடுநாள் பழகாத தண்ணி, அதனால் மிருதுவாக இருக்கும். நீராவி பாய்லருக்கும் அதுதான் தோது, கடினத் தண்ணி ஊற்றினால் இட்லிப் பானைக்கு ஆவதுதான் பாய்லருக்கும் ஆகும்.

லைனுக்கு ஒரு பொதுக்குழாய். குழாயடிச் சண்டைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பாட்டி சொல்வாள், "சண்டையெல்லாம் யார் மொதல்ல புடிக்கிறதுன்னுதான். தண்ணி நல்லாருக்கா இல்லையான்னு யாருமே பேசினது கெடையாது." அதைச் சும்மா பழைய நினைப்பு என்று தள்ள முடியாது. ஊருக்கு ஒரே ஊற்றுக்கண், ஒரே வடிகட்டும் இடம். அங்கே ஒருத்தர் நின்று பார்த்தால் போதும், ஊர் முழுக்கப் பார்த்த மாதிரி.

சுரங்கங்களைப் பின்னாளில் நடத்திய பாரத் கோல்ட் மைன்ஸ் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. அன்றைக்கு வேலை போனதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். தண்ணி போனதைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. அது ஒரே நாளில் போகவில்லை. கம்பெனி கவனித்த குழாய்களைக் கவனிக்க ஆளில்லாமல் போனது. ஏரிக்கு வரவேண்டிய பாலாறு மேலே நந்தி மலைப் பக்கத்திலிருந்தே மெலிந்துபோனது. பேத்தமங்கலம் ஏரியும் வருஷக்கணக்கில் வறண்டு கிடந்தது. 2021 நவம்பரில் கொட்டிய மழைக்கு ஏரி நிரம்பியபோது, ஊரிலிருந்து ஸ்கூட்டரில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஏதோ திருவிழா மாதிரி. நானும் போனேன். மீன் வறுவல் விற்பவர்களுக்கு நல்ல வியாபாரம்.

நடுவில் இருந்த அந்தக் காலத்தில் ஊர் என்ன செய்தது? போர் போட்டது. முதலில் நகரசபை போட்டது, பிறகு கையில் காசு இருந்தவர்கள் போட்டார்கள். கோலார் மாவட்டம் முழுக்க இதே கதை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம், போர் 1,000 அடி தாண்டிப் போவது இங்கே ஆச்சரியமே இல்லை. ஒவ்வொரு போரும் ஒரு தனி ஊற்றுக்கண். பக்கத்துப் பக்கத்து வீட்டு போரிலேயே தண்ணி வேறு வேறாக இருக்கும். ஒன்று கறுப்புக் கல் பிளவில் நிற்கிறது, இன்னொன்று கிரானைட்டில் நிற்கிறது. பேத்தமங்கலத்தில் ஒரே இடத்தில் சோதித்தால் போதும் என்றிருந்த ஊரில், இப்போது வீட்டுக்கு வீடு சோதிக்க வேண்டியிருக்கிறது. சோதிக்கத்தான் யாரும் இல்லை.

சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு வருவது ஆர்.ஓ. விற்கிறவர்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஒரே நாடகத்தைத்தான் போடுகிறார்கள். பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்துக் குழாய்த் தண்ணியில் முக்குவார். எண் ஏறும். "பாத்தீங்களா சார், டிடிஎஸ்!" அடுத்து இரண்டு டம்ளரில் தண்ணி ஊற்றி, உள்ளே நான்கு கம்பி விட்டு கரண்ட் கொடுப்பார். உங்கள் தண்ணி பச்சையும் பழுப்புமாகச் சேறாகிவிடும். அவர் கொண்டுவந்த தண்ணி அப்படியே தெளிவாக இருக்கும். அம்மா பயந்தே போனாள். "இதையா இத்தனை நாளு குடிச்சோம்?"

அந்தப் பழுப்பு தண்ணியிலிருந்து வருவதில்லை, கம்பியிலிருந்து வருகிறது. உப்பு கரைந்த தண்ணி மின்சாரத்தைக் கடத்தும், அப்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகும். ஆர்.ஓ. தண்ணியில் உப்பு இல்லாததால் கரண்ட் போகாது, அதனால் ஒன்றும் ஆகாது. டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான். தண்ணி எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, மொத்தத்தில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஒரு எண் சொல்லும். கரைந்திருப்பது சுண்ணாம்பா, சாப்பாட்டு உப்பா, நஞ்சா என்று அதற்குத் தெரியாது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அட்டவணையை, ஐஎஸ் 10500, ஒரு முறையாவது பார்த்துவிடுவது நல்லது. மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருந்தால் நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 600வரை விடலாம். டிடிஎஸ் 500, வழியில்லாவிட்டால் 2,000. உலக சுகாதார நிறுவனமோ கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதுவும் வைக்கவே இல்லை. கிட்னியில் கல் வரும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், அதற்குத் தெளிவான நிரூபணம் இதுவரை இல்லை. உப்புத் தண்ணி பிடிக்காமல் தண்ணியே குறைவாகக் குடிக்கிறார்களே, கல்லுக்கு அது இன்னும் பெரிய காரணம். நாங்கள் தினமும் திட்டித் தீர்க்கும் அந்தக் கடினத்தன்மை காயிலையும் முடியையும் பருப்பையும் படுத்துகிறதே தவிர, ஆளைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

அதே அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது. ஃபுளோரைடு. லிட்டருக்கு 1 மில்லிகிராம், எக்காரணம் கொண்டும் 1.5க்கு மேல் கூடாது. இதற்கு ருசி இல்லை, வாசனை இல்லை, நிறமில்லை. நுரையைத் தடுக்காது, பானையில் படியாது. டிடிஎஸ் மீட்டரில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் எண்ணில் இந்த ஒன்றரை எங்கே தெரியப்போகிறது? பிள்ளைகளுக்கு நிரந்தரப் பல் உருவாகும் வயதில் இது அதிகமாகப் போனால் பல்லில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டும் பிறகு பழுப்புக் கோடும் விழும். வருஷக்கணக்கில் போனால் முதுகும் முழங்காலும் இறுகிவிடும். இந்தியாவில் இதை முதலில் மருத்துவ உலகம் பதிவு செய்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கத்தில். கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்கள் இன்றைக்கும் ஃபுளோரைடு பட்டியலில் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் தர்மபுரி, கிருஷ்ணகிரியிலும் இதே வியாதிதான். அங்கே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் காவிரித் தண்ணியைக் குழாயில் கொண்டுவந்தார்கள், 2013இல் திறந்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் உண்டு.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. ஃபுளோரைடு வருவது பெரும்பாலும் கிரானைட்டிலிருந்து. தண்ணியில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கட்டி வைத்து, அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும். கால்சியம் குறைந்து சோடியம் ஏறிய தண்ணியில்தான் ஃபுளோரைடு தாராளமாகக் கரையும். அப்படிப்பட்ட தண்ணியில் சோப்பு நன்றாக நுரைக்கும். பருப்பு வேகும். "எங்க போர்ல நல்ல தண்ணிப்பா" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்த போரைத்தான் முதலில் சோதிக்க வேண்டியிருக்கும். எல்லா மிருதுத் தண்ணியும் அப்படி என்று சொல்லவில்லை. நுரையும் நாக்கும் இந்த விஷயத்தில் சாட்சி சொல்லத் தகுதியில்லாதவை, அவ்வளவுதான்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தால், ஃபுளோரைடு விஷயத்தில் நேர் எதிர். தண்ணி ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கும், இருப்பது இன்னும் அடர்த்தியாகும். வீட்டில் சாஃப்ட்னர் மாட்டுகிறவர்கள் இப்போது அதிகம். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், ஃபுளோரைடைத் தொடாது. ஆர்.ஓ. தொடும். மெம்ப்ரேன் ஒழுங்காக இருந்தால் பெரும்பகுதியை எடுத்துவிடும். ஆகவே எங்கள் ஊரில் ஆர்.ஓ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தவறான காரணம் சொல்லி சரியான பொருளை விற்கிறார்கள் என்கிறேன். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுவதும் இருக்கிறது. தண்ணியே இல்லாத மாவட்டத்தில் அதைப் பார்க்க வயிறெரியும். நாங்கள் அந்தக் கழிவுத் தண்ணியை டிரம்மில் பிடித்துக் கக்கூஸுக்கு ஊற்றுகிறோம். காயின் போடும் ஆர்.ஓ. மையம் நல்ல ஏற்பாடுதான். மெம்ப்ரேனை எப்போது மாற்றினார்கள் என்று ஒரு பலகை மட்டும் அங்கே தொங்கினால் போதும். நான் பார்த்த எந்த மையத்திலும் தொங்கவில்லை.

சயனைட் மலையைப் பற்றிக் கேட்பீர்கள், வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். சயனைட் போட்டுத் தங்கம் எடுத்த பின் கொட்டிய மணல், ஏறத்தாழ 3.3 கோடி டன், ஊருக்குள்ளேயே குன்று குன்றாக நிற்கிறது. சயனைட் வெயிலிலும் காற்றிலும் சிதைந்துபோகும் தன்மையுள்ளது. அந்த மணலில் இருக்கும் கந்தகத் தாதுக்களோ மழை பட்டுச் சல்ஃபேட்டாகிக் கீழே இறங்கக்கூடியவை. சல்ஃபேட் சேர்ந்தால் கொதித்தாலும் போகாத கடினம். உலோகங்களும் கூட வரலாம். மலைக்கு அடியில் போர் வைத்திருப்பவர்கள் ஃபுளோரைடோடு இவற்றையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது.

அரசாங்கம் சும்மா இல்லை. மார்கண்டேய நதியில் யர்கோள் அணை கட்டினார்கள். தமிழ்நாடு எதிர்த்து வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்து, 2023இல் திறந்தார்கள். அது கோலார், பங்காரப்பேட்டை, மாலூருக்கு. தங்கவயல் அந்த வரியில் இல்லை. 2018 முதல் கே.சி. வேலித் திட்டத்தில் பெங்களூர்ச் சாக்கடையைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு விடுகிறார்கள், திட்ட அளவு தினம் 44 கோடி லிட்டர். ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே லட்சுமிசாகர் ஏரியில் நுரை பொங்கி, விவகாரம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம்வரை போனது. நிலத்தடி நீர் ஏறுகிறது என்று விவசாயிகள் சொல்கிறார்கள், அது பொய்யில்லை. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு இல்லாமல் மண்ணுக்குள் விடுவது சரியா என்று கேட்கிறவர்கள் சொல்வதும் பொய்யில்லை. எங்கள் மாரிக்குப்பம் ரயிலில் இதை வைத்து ஒரு கிண்டல் ஓடும். "காலைல பெங்களூர் போய் வேலை பாத்துக் கை கழுவறோம், சாயங்காலம் நமக்கு முன்னாடி அது ஊருக்கு வந்துடுது மச்சான்."

எங்கள் வீட்டில் இப்போது மாடித் தண்ணியை, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, தனித் தொட்டியில் பிடிக்கிறோம். மழைக்காலத்தில் பருப்புக்கும் டீக்கும் அதுதான். எதிர்வீட்டு அக்காவும் பைப் மாட்டிவிட்டார். போர் தண்ணியைச் சோதனைக்குக் கொடுக்க, தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் சாம்பிள் எடுத்துப் போனோம். ஆளாளுக்கு அலைய வேண்டியதில்லை, நாலு போரையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிந்தது. நீங்களும் கொடுப்பதாக இருந்தால், மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போன பிறகு பிடியுங்கள். தொட்டித் தண்ணி வேண்டாம், நேராக போரிலிருந்து. பாட்டிலை அதே தண்ணியில் இரண்டு முறை அலசுங்கள், சோப்பு போடாதீர்கள். எந்த போர், எத்தனை அடி, என்ன தேதி என்று பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். 'டிடிஎஸ் பாருங்க' என்று மட்டும் சொல்லாமல், ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலாகவே இருக்கட்டும். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியது என்பதால் லேபில் கண்ணாடி பாட்டிலை விரும்பமாட்டார்கள்.